ஏரிக்கரை வழியே ஒரு சைக்கிள் சுற்று

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



செயலாளர் என்னைப் பேசச் சொன்ன தலைப்பு வேறு. "சார், நீங்க முப்பத்தஞ்சு வருஷம் பேங்க்ல இருந்தவர். சீனியர் சிட்டிசன் டெபாசிட் பத்தி ஒரு இருபது நிமிஷம் பேசுங்க" என்றார். வட்டி விகிதத்தை இப்போது எல்லாரும் கைபேசியிலேயே பார்த்துக்கொள்கிறார்கள். அதைச் சொல்ல ஒரு பி.காம். தேவையில்லை. சைக்கிளைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். "சைக்கிளா? அதுல இருபது நிமிஷம் பேச என்ன சார் இருக்கு?" என்றார். இருக்கிறது. கடைசியில் சங்கத்திடம் ஒரு வேண்டுகோளும் இருக்கிறது, அதனால் யாரும் நடுவில் எழுந்து போகாதீர்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். நான் பேசப்போவது பால் வாங்கப் போகிற சைக்கிள் அல்ல, ஜிம்மில் நின்ற இடத்திலேயே மிதிக்கிற சைக்கிளும் அல்ல. விடியும் முன்பு கிளம்பி, நாற்பது கிலோமீட்டர் சுற்றிவிட்டு, வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்புவதைச் சொல்கிறேன். இதை நான் ஓய்வு பெற்ற பிறகுதான் கண்டுபிடித்தேன். அதற்கு முன்னும் சைக்கிள் ஓட்டியவன்தான். நம் தலைமுறையில் யார் ஓட்டவில்லை? வாடகைக் கடையில் மணிக்கு இத்தனை காசு என்று எடுத்து, சீட்டில் உட்கார உயரம் போதாமல் பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்டுக் கற்றுக்கொண்டோம். முழங்காலில் எனக்கு இன்னும் அந்தத் தழும்பு இருக்கிறது. நகராட்சியில் சைக்கிளுக்கு வரி கட்டி வில்லை வாங்கி மாட்டிய காலம் அது. டைனமோ எரியாமல் ராத்திரியில் போனால் போலீஸ்காரர் நிறுத்தி, இரண்டு சக்கரத்திலும் காற்றைப் பிடுங்கி விடுவார். அந்த விளக்கு விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

அப்போதெல்லாம் சைக்கிள் என்பது ஓர் இடத்துக்குப் போய்ச் சேர்வதற்கு. வங்கிக்குப் பத்து மணிக்குள் போக வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும். வழியில் என்ன பூத்தது, என்ன காய்த்தது என்று யார் பார்த்தோம்?

எந்த இடத்துக்கும் போகாமல், சுற்றி வருவதற்காகவே சைக்கிள் ஓட்டலாம் என்று எனக்குக் காட்டியது சிங்கப்பூர். மகன் அங்கே தெம்பனிஸ் பகுதியில் அடுக்குமாடி வீட்டில் வாடகைக்கு இருந்தான். நாங்கள் இருவரும் போய் மூன்று மாதம் தங்கினோம். போனவர்களுக்குத் தெரியும், முதல் பத்து நாள் முஸ்தபா கடை, தேக்கா சந்தை, வீரமாகாளியம்மன் கோவில் என்று ஓடிவிடும். அதற்குப் பிறகு மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட, பேரன் பள்ளிக்குப் போய்விட, நாம் இருவரும் பன்னிரண்டாவது மாடியில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அப்போதுதான் மகனுடைய சைக்கிள் வராந்தாவில் சும்மா நிற்பதைப் பார்த்தேன்.

அந்த ஊரின் கிழக்குப் பகுதியில் ஒரு சைக்கிள் வட்டம் இருக்கிறது. மொத்தம் 42 கிலோமீட்டர். ஒரே சாலை அல்ல. பூங்காக்களையும் கடற்கரையையும் குடியிருப்புகளையும் சின்னச் சின்னப் பாதைகளால் கோத்து ஒரு மாலை மாதிரி கட்டியிருக்கிறார்கள். பூங்கா இணைப்புப் பாதை என்று பெயர். 1990களில் தொடங்கிய வேலை, இன்று ஊர் முழுவதும் சேர்த்து 300 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. சைக்கிளுக்கு அதிகபட்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர். நான் அந்த விதியை மீறும் வாய்ப்பு இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை, இருட்டு இருக்கும்போதே கிளம்பினேன். அங்கே விடிவதே ஏழு மணிக்குத்தான். பிடோக் நீர்த்தேக்கத்தின் கரை வழியாகப் போய், அங்கிருந்து கடலுக்கு இறங்கினேன். ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் ஒரு பக்கம் தென்னையும் தூங்குமூஞ்சி மரமும், மறுபக்கம் கடல், கடல் முழுக்க நங்கூரம் போட்ட கப்பல்கள். வெளிச்சம் வரவர அந்தக் கப்பல்கள் ஒவ்வொன்றாக நிறம் பெறுவதைப் பார்த்துக்கொண்டே மிதித்தேன். பிறகு சாங்கி விமான நிலையத்தை ஒட்டிய பாதை. நேராக நீண்டு போகும், நிழல் இல்லை, எதிர்க்காற்று. தலைக்கு மேலே விமானங்கள் சக்கரத்தை நீட்டிக்கொண்டு இறங்குகின்றன. வயிற்றில் இருக்கும் எழுத்தைக்கூடப் படிக்கலாம் போல அவ்வளவு தாழ்வாக.

சாங்கி கிராமம் என்ற இடத்தில் உணவு அங்காடி. ஒரு தே தாரிக் வாங்கிக் குடித்தேன். பக்கத்து மேசையில் இரண்டு சீனப் பெரியவர்கள், என் வயதுதான் இருக்கும், அவர்களும் சைக்கிளில் வந்தவர்கள். எனக்கு மாண்டரின் தெரியாது, அவர்களுக்குத் தமிழ் தெரியாது. ஒருவர் தன் முழங்காலைத் தட்டிக் காட்டினார். நான் என் முழங்காலைத் தட்டிக் காட்டினேன். மூவரும் சிரித்தோம். அதற்குப் பிறகு பாசிர் ரிஸ் கடற்கரைப் பூங்கா, அலையாத்தி மரங்களுக்கு நடுவே பலகைப் பாதை, பிறகு வீடு. ஐந்து மணி நேரம் ஆயிற்று. வழக்கமாகச் சாப்பிடுவதைப் போல இரண்டு மடங்கு சாப்பிட்டேன்.

இதில் என்ன இன்பம் என்று கேட்டால் இப்படிச் சொல்வேன். முதல் பத்து கிலோமீட்டர் உடம்பு புகார் சொல்லிக்கொண்டே வரும். முதுகு ஒன்று சொல்லும், உள்ளங்கை ஒன்று சொல்லும், உட்காருமிடம் தனியாக ஒன்று சொல்லும். மனதும் அப்படித்தான், கட்ட வேண்டிய மின்கட்டணம், பேசாமல் போன மைத்துனர் என்று பழைய பாக்கியையெல்லாம் எடுத்து வைக்கும். பதினைந்து கிலோமீட்டர் தாண்டினால் இரண்டும் அடங்கிவிடும். கால் தானாகச் சுற்றும். மூச்சு அதோடு சேர்ந்துகொள்ளும். கண்ணும் காதும் திறக்கும். காரில் கண்ணாடிக்கு உள்ளே இருக்கிறோம், பைக்கில் நம் இரைச்சலே நமக்குத் தடை. நடந்தால் இவ்வளவு தூரம் பார்க்க முடியாது. சைக்கிளில்தான் ஒரு மணிக்கு நாலைந்து ஊர் வாசனை மூக்கில் ஏறும். காப்பி கொதிக்கிற வாசனை, அறுத்த புல் வாசனை, சேறு, கோவில் கற்பூரம். என் வயதில் தூக்கம் துண்டு துண்டாகத்தான் வரும். நாற்பது கிலோமீட்டர் போன ராத்திரி மட்டும் விடியும் வரை ஒரே தூக்கம்.

சரி, சிங்கப்பூர் பணக்கார ஊர், அவர்களால் முடியும் என்று சொல்வீர்கள். நானும் மகனிடம் அதைத்தான் சொன்னேன். அவன் சொன்ன பதில் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அந்தப் பாதைகளில் பலவும் புதிதாக நிலம் வாங்கிப் போட்டவை அல்ல. மழைநீர்க் கால்வாய் ஓரமாக, பராமரிப்புக்கென்று ஒதுக்கி வைத்திருந்த துண்டு நிலங்கள். சும்மா கிடந்த கால்வாய்க் கரையை எடுத்துச் சமன் செய்து, மரம் வைத்து, ஒன்றோடு ஒன்று இணைத்திருக்கிறார்கள். அதைக் கேட்டவுடன் எனக்கு நம் ஊர்தான் ஞாபகம் வந்தது. கால்வாய்க் கரையும் ஏரிக்கரையும் நம்மைவிட யாரிடம் அதிகம் இருக்கிறது? காஞ்சிபுரத்துக்கு ஏரி மாவட்டம் என்றே பெயர்.

இங்கே குடிவந்த பலர், குறிப்பாகக் கம்பெனிகளில் வேலை பார்க்கும் தம்பிகள், இந்த ஊரைச் சிப்காட் சுற்றுச்சுவர்களாகத்தான் பார்த்திருக்கிறீர்கள். தப்பில்லை. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் வெளிவந்தது, 2010-ல் ஒரகடத்தில் ரெனோ நிசான், 2012-ல் டைம்லர் லாரி, அப்புறம் புல்லட் வண்டி என்று வந்துகொண்டே இருக்கின்றன. புல்லட் ஓட்டும் தம்பிகளுக்கு ஓர் உபரித் தகவல்: ராயல் என்ஃபீல்டு இங்கிலாந்தில் மோட்டார் சைக்கிள் செய்வதற்கு முன்னால் சாதாரண சைக்கிள்தான் செய்துகொண்டிருந்தது. அதனால் என் சைக்கிளைப் பார்த்து அதிகம் சிரிக்க வேண்டாம்.

இந்தச் சுவர்களுக்குப் பின்னால் பழைய ஊர் அப்படியே இருக்கிறது. அதைச் சுற்றிவர நான் கண்டுபிடித்த வழி இது. ஒரகடத்தில் கிளம்பி, வண்டலூர் சாலையில் படப்பை. அங்கே இடதுபக்கம் திரும்பி மணிமங்கலம். அங்கிருந்து ஸ்ரீபெரும்புதூர். பிறகு தெற்கே வல்லம், வல்லக்கோட்டை, திரும்ப ஒரகடம். எந்தத் தெருவில் புகுந்து வந்தாலும் நாற்பது கிலோமீட்டருக்கு மேல் வரும். சிங்கப்பூர் வட்டத்துக்குக் கிட்டத்தட்ட அதே அளவு, டிக்கெட் செலவு இல்லை.

படப்பை வரை எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. பெரிய சாலை, கண்ணை மூடிக்கொண்டு கடக்க வேண்டிய பகுதி. நிஜமாகவே மூடிவிடாதீர்கள். ஞாயிறு காலை ஐந்தேகால் மணிக்குக் கிளம்பினால் வண்டி குறைவு. ஷிப்டு பஸ்கள் மட்டும் வரிசையாக வரும், உள்ளே எல்லாரும் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

மணிமங்கலம் பக்கம் திரும்பியதும் காற்றே மாறும். வயல் வந்துவிடும். பல்லவர் சாளுக்கியர் சண்டையைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். நரசிம்மவர்மன் புலிகேசியை முறியடித்த களங்களில் ஒன்று இந்த மணிமங்கலம். அதற்குப் பிறகுதான் பல்லவர் படை வாதாபி வரை போனது. ஏழாம் நூற்றாண்டில் யானைப்படை நின்ற இடத்தில் இப்போது ஒரு டீக்கடை இருக்கிறது, டீ நன்றாகவே இருக்கும். அந்தப் பக்கத்து ஏரிகளில்தான் அடையாறு தொடங்குகிறது. சென்னையில் அடையாற்றைப் பார்த்து மூக்கைப் பிடித்தவர்கள், ஒரு தை மாதத்தில் இங்கே வந்து பார்க்க வேண்டும். ஏரி நிறைந்திருக்கும்போது கலங்கலில் தண்ணீர் வழியும் சத்தம் அரை கிலோமீட்டருக்கு முன்பே கேட்கும். கரைமேல் மண் பாதை. ஒரு பக்கம் நீர், நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டு நிற்கும். நாமக்கோழி குஞ்சுகளோடு கோரைக்குள் ஓடும். மறுபக்கம் கீழே நெல், நடுவே பனைமரங்கள். தூரத்தில் ஏதோ கம்பெனியின் தண்ணீர்த் தொட்டி கோபுரம் மாதிரி தெரியும். அந்த இடத்தில் நான் எப்போதும் இறங்கி, சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டுப் பத்து நிமிடம் உட்காருவேன். அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் முழுச் சுற்றுமே.

ஏரிக்கரை என்பது யாரோ மண்ணைச் சுமந்து கொட்டி உயர்த்தியது. மதகு, கலங்கல், வரத்துக்கால் எல்லாம் கணக்குப் போட்டு வைத்தது. ஒரு ஏரி நிறைந்தால் அடுத்த ஏரிக்கு, அது நிறைந்தால் அதற்கடுத்ததற்கு. ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகளின் உபரி நீர் செம்பரம்பாக்கத்தை நோக்கிப் போகிறது. செம்பரம்பாக்கம் நிறைந்தால் 24 அடி, 3,645 மில்லியன் கன அடி. 2015 டிசம்பருக்குப் பிறகு சென்னைக்காரர்கள் எல்லாருக்கும் அந்தக் கணக்கு மனப்பாடம். சைக்கிளில் போனால் இந்தத் தொடர்ச்சி காலிலேயே தெரியும். எங்கே மேடு, எங்கே சரிவு, தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று. காரில் போனால் எல்லாம் தட்டைதான்.

ஸ்ரீபெரும்புதூரில் ஆதிகேசவப் பெருமாள் கோவில் பக்கத்தில் டிபன். இராமானுஜர் அவதரித்த தலம், வியர்வைச் சட்டையோடு உள்ளே போகத் தயக்கமாக இருந்தால் வெளியிலிருந்தே கும்பிட்டுக்கொள்ளலாம். பொங்கல் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் அடுத்த பத்து கிலோமீட்டர் கொஞ்சம் மந்தமாகத்தான் இருக்கும். அதற்குப் பரிகாரம் வல்லக்கோட்டை முருகன், நின்று கும்பிடும் நேரத்தில் ஜீரணமாகிவிடும். வழியில் சிப்காட் உள்சாலைகளில் புகுந்து வாருங்கள். ஞாயிற்றுக்கிழமையில் ஈ காக்கா இருக்காது. டீக்கடைப் பலகையில் இந்தி, ஒடியா. ஒரு கடையில் ரொட்டியும் உருளைக்கிழங்குப் பொரியலும் தருகிறார்கள். பொங்கல் சாப்பிட்டதை மறந்துவிட்டு அதையும் சாப்பிடலாம்.

என் வீட்டுக்காரி இதையெல்லாம் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி, உங்க சங்கத்துல பொம்பளைங்க யாராவது வருவாங்களா?" என்று கேட்டாள். அதற்கு ஒரு பழைய கதை சொல்கிறேன். 1992 வாக்கில் நான் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு கிளையில் எழுத்தராக இருந்தேன். அறிவொளி இயக்கம் நடந்துகொண்டிருந்தது. கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தறிவோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று அவர் தீர்மானித்தார். மாலையில் கிளையைப் பூட்டிக்கொண்டு வரும்போது பொட்டலில் பார்ப்பேன், கல்லுடைக்கும் பெண்கள், அங்கன்வாடி ஊழியர்கள், நர்சுகள், சேலையைச் சொருகிக்கொண்டு விழுந்து எழுந்து கற்றுக்கொண்டிருப்பார்கள். கேலி செய்த ஆண்களும் உண்டு. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அந்த மாவட்டத்தில் கற்றுக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிள் போதாமல் ஆண்கள் ஓட்டும் பார் வைத்த சைக்கிளையே வாங்கினார்கள். அந்தப் பாரில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாம் என்பது கூடுதல் வசதி. பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். எங்கள் கிளைக்கும் சைக்கிள் கடன் கேட்டு வந்தார்கள். விண்ணப்பத்தில் நோக்கம் என்ற இடத்தில் என்னம்மா எழுதட்டும் என்று ஒரு பெண்ணிடம் கேட்டேன். தண்ணி எடுக்க, வேலைக்குப் போக, அம்மா வீட்டுக்குப் போக என்று அடுக்கிக்கொண்டே வந்து, கடைசியில் குரலைத் தாழ்த்தி, "சும்மா போறதுக்கும்தான் சார்" என்றாள். சும்மா போவதற்கு என்று வங்கிப் படிவத்தில் எழுத முடியாது. வேலைக்குச் செல்ல என்று எழுதிக் கையெழுத்து வாங்கினேன். அந்தக் கிளையில் சைக்கிள் கடனில் வராக் கடன் என்று ஒன்றை நான் பார்த்த ஞாபகம் இல்லை.

இப்போது வேண்டுகோளுக்கு வருகிறேன். இவ்வளவு நேரம் இன்பத்தைப் பேசினேன். ஆனால் நம் சாலையில் சைக்கிள் ஓட்டுகிறவர்களில் இன்பத்துக்காக ஓட்டுகிறவன் நான் ஒருவன்தானோ என்னவோ. மற்றவர்கள் எல்லாம் வேறு வழியில்லாமல் ஓட்டுகிறவர்கள். நம் வாசல் காவலர்கள், வீட்டு வேலைக்கு வரும் அம்மாக்கள், தோட்டக்காரர், கம்பெனிகளில் ஒப்பந்த வேலை பார்க்கும் வடநாட்டுப் பையன்கள். நம் வளாகத்துக்கு மட்டும் சைக்கிளில் வருகிறவர்கள் 14 பேர். இரண்டு வாரம் வாசலில் நின்று நானே எண்ணினேன். எண்ணுவது என் தொழில். அந்த 14 சைக்கிளில் விளக்கு இருப்பது மூன்றில். ஒளிப்பட்டை ஒட்டியது ஒன்றில்கூட இல்லை.

போன ஐப்பசியில் நம் ராத்திரிக் காவலர் ஒருவர், ஒடிசாவிலிருந்து வந்த பையன், பணிக்கு வரும்போது சர்வீஸ் ரோட்டில் நிறுத்தி வைத்திருந்த டிரெய்லரின் பின்னால் மோதியது உங்களுக்குத் தெரியும். மழை, இருட்டு. டிரெய்லருக்குப் பின்விளக்கும் இல்லை, சிவப்புப் பட்டையும் இல்லை. காரை எலும்பு முறிந்து இரண்டு மாதம் வேலை இல்லை. நாம் பணம் சேர்த்துக் கொடுத்தோம், அது நல்ல காரியம். ஆனால் அந்த இடத்தில் இன்றைக்கும் டிரெய்லர் நிற்கிறது. நேற்று ராத்திரி ஒன்பது மணிக்கு நடந்து போய்ப் பார்த்தேன், ஏழு நின்றன.

ஓட்டுநர்களைத் திட்டுவதில் பயனில்லை. கேட் திறக்கும் வரை எங்கே நிறுத்துவார்கள்? ஸ்டவ் பற்றவைத்து வண்டி நிழலில் சோறு பொங்கிக்கொண்டு, வீட்டை விட்டு வந்து மாதக்கணக்கில் சுற்றுகிறவர்கள். அவர்களுக்கு நிறுத்துமிடம் வேண்டும், அது இல்லாமல் இங்கே நிறுத்தாதே என்றால் அடுத்த தெருவில் நிறுத்துவார்கள். ஆனால் ஆபத்தான விதத்தில் வண்டியைச் சாலையில் விட்டுப் போகக் கூடாது என்று 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் 122-ஆவது பிரிவு இருக்கிறது. கலெக்டர் தலைமையில் மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழு இருக்கிறது. நம் போன்ற ஒரு சங்கம் பதிவெண்ணோடு, புகைப்படத்தோடு, தேதி போட்டு மனுக் கொடுத்தால் அதற்கு ஒரு கோப்பு எண் விழும். கோப்பு எண் விழுந்தால் அதைப் பிடித்துக்கொண்டு நான் நடப்பேன். எனக்கு நேரம் இருக்கிறது.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று பின்வரிசையில் ஒருவர் கேட்பது காதில் விழுகிறது. நெதர்லாந்தை எல்லாரும் சைக்கிள் நாடு என்கிறோம், ஏதோ பிறவியிலேயே அப்படி என்று. அங்கேயும் ஒரு காலத்தில் கார் பெருகி, 1971-ல் ஒரே வருடத்தில் சாலை விபத்தில் 400-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். பெற்றோர்கள் தெருவில் இறங்கினார்கள். குழந்தைக் கொலையை நிறுத்து என்றே அந்த இயக்கத்துக்குப் பெயர். அதற்குப் பிறகுதான் அந்தப் பாதைகள் வந்தன. அவர்களும் நம்மைப் போல மனு எழுதித்தான் ஆரம்பித்திருப்பார்கள்.

நான் கேட்பது பெரிய தொகை அல்ல. 14 பேருக்கும் ஆளுக்கு ஒரு பின்விளக்கு, ஒளிப்பட்டை, முடிந்தால் ஒரு முன்விளக்கு. ஓர் ஆளுக்கு 500 ரூபாய் என்று வைத்தாலும் மொத்தம் 7,000. சென்ற ஆண்டுவிழாவில் மேடை அலங்காரத்துக்கு ஆன தொகையை இங்கே சொல்ல மாட்டேன், பொருளாளர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். இரண்டாவது, டிரெய்லர் மனு. அச்சடித்து வாசல் மேசையில் வைத்திருக்கிறேன், சாப்பிடும் முன் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். சாப்பிட்ட பிறகு யாரும் வர மாட்டீர்கள் என்பது வங்கி அனுபவம். மூன்றாவது, நீர்வளத்துறைக்கும் ஊராட்சிக்கும் ஒரு கடிதம், ஏரிக்கரைப் பாதைகளில் முள்ளை வெட்டி, குழியை மண் கொட்டி அடைத்துத் தர வேண்டும் என்று. சிமெண்டு வேண்டாம், டைல்ஸ் வேண்டவே வேண்டாம், தண்ணீர் வரத்து எதையும் தொடவும் வேண்டாம். மண்ணும் நிழலும் போதும். கரை வழி நன்றாக இருந்தால் அந்தக் காவலர் பையனும் வேலைக்கு அப்படியே வரலாம், பெரிய சாலைப் பக்கமே போக வேண்டியதில்லை.

வரும் ஞாயிறு காலை ஐந்தேகால் மணிக்கு வாசலில் நிற்பேன். முதல் முறை வருகிறவர்கள் முழுச் சுற்று வர வேண்டாம், வல்லக்கோட்டை வரை போய்த் திரும்பலாம். இதய நோய், மூட்டு வலி உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு வாருங்கள். சீட்டு உயரத்தைச் சனிக்கிழமையே பார்த்து வையுங்கள், பெடல் கீழே போகும்போது கால் ஏறக்குறைய நீள வேண்டும். பலருக்கு முழங்கால் வலிப்பது வயதால் அல்ல, சீட்டு தாழ்வாக இருப்பதால். தண்ணீர் பாட்டில், ஒரு வாழைப்பழம், பிரகாசமான நிறத்தில் சட்டை. பிரேக்கும் மணியும் வேலை செய்ய வேண்டும். பம்பும் பஞ்சர் சாமானும் நான் கொண்டு வருகிறேன். கியர் சைக்கிள் இல்லையே என்று யாரும் தயங்க வேண்டாம், என்னுடையதும் கியர் இல்லாத பழைய கேரியர் வண்டிதான். 9-ஆம் எண் வீட்டு அம்மா ஏற்கெனவே பெயர் கொடுத்துவிட்டார். பள்ளிப் பிள்ளைகள் வந்தால் கூடவே பெற்றோரில் ஒருவர் வர வேண்டும். படப்பை பக்கம் போகிறவர்கள் வரிசையாக, ஒருவர் பின் ஒருவராக வர வேண்டும், பேச்செல்லாம் மணிமங்கலம் திரும்பிய பிறகு வைத்துக்கொள்ளலாம்.